கோட்டுக்கு வெளியே சீனி மாஸ்டர்

எங்கள் தோட்டத்துப் பெற்றோர்களின் வாய்க்குப் பூட்டுப் போட்ட ஒரே மனிதர் சீனி மாஸ்டர்தான். தோட்டத்தை ஆளுகிற துரையால் முடியாதது அது. தொழிற்சங்கத் தலைவர்களாலும் முடியவில்லை. திருவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு "அமைதி, அமைதி" என்று தொண்டை கிழியக் கத்துகிற கோயில் கமிட்டிக்காரர் அந்த முயற்சியில் தன் தொண்டையைத்தான் கெடுத்துக்கொண்டார். சீனி மாஸ்டர் மட்டும் ஒரு கெட்டிலையும் ஒரு சீனி டின்னையும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்தார்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. தேயிலை பெக்டரியில் கொழுந்து காயவைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. வேலை முடிந்ததும் முகத்துக் கரியைக்கூடச் சரியாகக் கழுவாமல் மைதானத்துக்கு ஓடிவந்து, பதினாலு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்குப் புட்போல் பழக்குவார். சொந்தப் பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

அவருடைய பெரிய விசித்திரம் மரியாதை. பன்னிரண்டு வயதுக் குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். தடுப்பாட்டக்காரி ராணி ஒருநாள் காலுக்கு நேரே வந்த பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு கோச்சாக இருந்தால் அந்தப் பிள்ளையின் பரம்பரையையே இழுத்திருப்பார். இவர் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார்.

"ராணியம்மா, பந்து மேல ஏதும் கோவமுங்களா? கூப்பிட்டுப் பேசச் சொல்லவா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த பந்தை ராணி விடவில்லை.

இனி சீனிக்கு வருகிறேன். தேத்தண்ணிக்குள் சீனியைப் போட்டுக் கலக்குவது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விருந்தாளி வந்தால் மட்டும் நடக்கிற காரியம். மற்ற நாட்களில் இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொள்வோம். ஒரு நக்கு, ஒரு மிடறு. அரை கரண்டிச் சீனியில் ஒரு கோப்பை ப்ளேன்டீ இறங்கிவிடும். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களிலிருந்து பசறை டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற என்னைப் போன்றவன் வரைக்கும் இந்தப் பழக்கம் விட்டபாடில்லை.

போட்டி நடக்கிற மெச் நாளில் சீனி மாஸ்டர் எங்களைக் கோட்டுக்கு வெளியே வரிசையாக நிறுத்துவார். ஆளுக்கொரு கோப்பையை வலது கையில் கொடுத்துச் சுடச்சுட ஊற்றுவார். இடது உள்ளங்கையில் குவியலாகச் சீனியை வைப்பார். என்ன உபசாரம், என்ன பண்பு என்று நாங்களும் உருகிப்போனோம். ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. வலது கையில் கொதிக்கிற தேத்தண்ணி, இடது கையில் சீனி. இந்த நிலையில் ஒரு மனிதன் நடுவரைப் பார்த்து விரலை நீட்ட முடியாது. கையை ஓங்க முடியாது. வேட்டியை மடித்துக் கட்ட முடியாது. வேட்டியை மடித்துக் கட்டாமல் எங்கள் தோட்டத்தில் எந்தச் சண்டையும் ஆரம்பமானதாகச் சரித்திரம் இல்லை. மிச்சம் இருக்கிறது வாய் ஒன்றுதான். கோர்னர் கிக், பெனால்டி என்று நெஞ்சு படபடக்கிற நேரம் பார்த்துக் கெட்டில் வந்துவிடும். வாயும் அதோடு சரி.

இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் மைதானத்தைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். அது ஒரு பக்கமாகச் சரிந்தது. பந்து வெளியே போனால் கீழே தேயிலைக்குள் உருண்டுவிடும். பிள்ளைகள் அதைத் தேடி எடுத்து வருவதற்குள் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் ஒரு சண்டையை ஆரம்பித்து, சூடாக்கி, சமாதானமும் ஆகியிருப்பார்கள். சில நாள் சமாதானம் ஆவதற்கு முன்பே பந்து வந்துவிடும். அது இன்னும் மோசம்.

மாஸ்டர் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று, கத்தித்தான் ஆக வேண்டும் என்றால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளையைப் பாராட்டிக் கத்த வேண்டும். ராணியின் தாய் முத்தம்மா அக்கா, மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சாதாரணமாகப் பேசுகிற குரல்காரி. அவருக்கு இது பெரிய சித்திரவதை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏ சிவப்புச் சட்ட! நல்லாத்தான் ஓடுற தாயி! நல்லா இரு!" என்பார். வாழ்த்துகிற மாதிரியே இருக்காது. சாபம் விடுகிற மாதிரி இருக்கும். சட்டப்படி அது பாராட்டு, அதனால் மாஸ்டர் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்.

இரண்டாவது சட்டம், மெச்சில் யாராவது பிள்ளையை ஏசினால் அடுத்த பயிற்சியன்று அந்தப் பெற்றோர் கோலுக்குள் நிற்க வேண்டும். பதினாலு பிள்ளைகளும் ஆளுக்கொரு பந்து அடிப்பார்கள். என் மகள் ஷாலினிதான் கோல் கீப்பர். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இடது பக்கம் பாருடி! வலது பக்கம் பாருடி! கண்ணு எங்கடி வச்சிருக்க?" என்று ஓயாமல் உபதேசம் செய்கிறவன். ஆகவே நானும் ஒருநாள் கோலுக்குள் நின்றேன். பதினாலு பந்தில் ஒன்றைத் தடுத்தேன், மூக்கால். அடித்தது என் மகள்.

"வலிக்குதுங்களா தம்பி?" என்று மாஸ்டர் கேட்டார்.

"இல்ல மாஸ்டர்."

"வலிக்கணுமேங்க. அங்க நிக்கிறது லேசில்லன்னு தெரியணும்ல?"

இப்படி மூக்கு வீங்கியும் புத்தி வராதவன் நான். லுணுகலைப் பக்கம் ஒரு மெச்சில் கெட்டில் எங்கள் பக்கம் வருவதற்கு ஒரு நிமிடம் பிந்திவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் நடுவர் ஒரு கோலைக் கொடுத்தார். பந்து ஷாலினியின் கைக்குள் இருக்கும்போதே எதிர்ப்பக்கத்துப் பிள்ளை உதைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, மைதானத்தின் நடுவில் நான் நிற்கிறேன். கையில் குடை. எதிரில் நடுவர். குடையின் நுனி அவருடைய மூக்குக்கு ஓரடி தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்டூடியோ வேலைக்கு நடுவில் பத்திரிகையில் ஒழுக்கத்தைப் பற்றியெல்லாம் எழுதுகிறவன் நான்.

போட்டிகளை மேற்பார்வை செய்ய வந்திருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியர். எப்போதும் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பதால் நாங்கள் அவரை நோட்டுக்கொப்பி சேர் என்போம். அவர் என்னிடம் வரவில்லை. நேரே மாஸ்டரிடம் போனார்.

"இதென்ன விளையாட்டுத் திடலோ, சந்தையோ? இதுதான் கடைசி. இனி உங்கட பக்கத்தாலை ஒரு ஏச்சு, ஒரு கத்தல் வந்தாலும் டீமை வீட்டை அனுப்பிப்போடுவன். பிறகு இந்த வருசம் விளையாட்டே இல்லை. விளங்குதோ?"

"விளங்குதுங்க சேர்," என்றார் மாஸ்டர், தானே குடையோடு ஓடியவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு.

அந்த எச்சரிக்கையின் பாரம் வெளியாருக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் பெண்பிள்ளைகள் புட்போல் விளையாட ஆரம்பித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பாதித் தகப்பன்மார் அரைமனதோடு அனுப்புகிறவர்கள். காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா என்று முணுமுணுப்பவர்கள். டீம் வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கு அது போதும். "வெளையாடினது போதும், வீட்டுல இரு" என்பார்கள். ஒரு வருடம் கழித்து டீமைத் திரும்பச் சேர்த்தாலும் பிள்ளைகள் வரமாட்டார்கள். இது பிள்ளைகளுக்கும் தெரியும். பதினாலு பிள்ளைகளின் ஆட்டம் என் ஒருவனின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஷாலினி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, சோறு வேணுமான்னு அப்பாகிட்ட கேளுங்க," என்பாள். ஐந்தாம் நாள் நேராகப் பேசினாள்.

"அப்பா, பதுளை மெச்சுக்கு நீங்க வராதீங்க. வந்தா நான் எறங்கமாட்டேன்."

இதற்கு நான்கு நாள் மௌனமே மேல் என்று ஆகிவிட்டது. நான் மாஸ்டரைத் தேடி பெக்டரிக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் வியர்வையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான் வரல மாஸ்டர். அதான் எல்லாருக்கும் நல்லது."

அவர் ஒரு கட்டையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் பதில் சொன்னார். "வராம இருக்கிறது என்னங்க பெரிய காரியம்? கடைத்தெருவுல எத்தன பேர் வராம இருக்கான். வந்து, பாத்துக்கிட்டு, சும்மா நிக்கணும். பாப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எம் பக்கத்துலயே நில்லுங்க."

மகளிடம் என்ன பேசினாரோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஷாலினி எனக்கு ஐந்து சீட் முன்னால் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பதுளையில் அன்று தூறல். எதிர் டீம் டவுன் பிள்ளைகள், நீலச் சட்டை. நல்ல பிள்ளைகள்தான். அவர்களுடைய கோச் ஒரு நிமிடம் வாயை மூடவில்லை. தன் பிள்ளைகளையே மாடு, எருமை என்று ஏசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற தகப்பன்மாரில் ஒருவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், எங்கள் பிள்ளைகளைக் குறிவைத்தார்.

"தோட்டக்காட்டுப் புள்ளைங்களுக்கு என்னத்துக்கு புட்போல்? போய்க் கொழுந்து பறிங்கடி!"

எங்கள் வரிசையில் நின்ற தாய்மாரில் ஒன்பது பேர் கொழுந்து பறிக்கிறவர்கள். முந்தின நாள் பறித்த கறை விரல்களில் அப்படியே இருந்தது. நான் முத்தம்மா அக்காவைப் பார்த்தேன். கோப்பையை நெரிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். பத்தடி தள்ளி நோட்டுக்கொப்பி சேர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். அவர் எதிர்ப்பக்கம் போய் நிற்கக் கூடாதா என்று நான் எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன். எச்சரிக்கை வாங்கியவர்கள் நாங்கள்தானே, எங்கள் பக்கம்தான் நிற்பார்.

"குடிங்கக்கா, குடிங்க," என்று மாஸ்டர் கெட்டிலோடு ஓடினார். "சூடா இருக்கு, குடிங்க." அன்று அவர் ஊற்றிய தேத்தண்ணியில் ஒரு குளிக்கிற தொட்டியே நிரம்பியிருக்கும். ஏச்சு வரவர நாங்கள் குடித்தோம். அழுகையோடு சேர்த்து விழுங்கினோம். இடைவேளையின்போது எங்கள் பக்கத்துப் பெற்றோர் அத்தனை பேரும் கழிப்பறையைத் தேடி ஓடினார்கள். ஆனால் ஒரு சத்தம், ஒரு முனகல் வரவில்லை.

இரண்டாம் பாதியிலும் கோல் இல்லை. ஷாலினி இரண்டு பந்தைப் பிடித்தாள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நீலச் சட்டைப் பிள்ளை ஒன்று ஓங்கி அடித்த பந்து ராணியின் தோளில் பட்டது. தோளில். நான் பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம். அடி விழுந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு ராணி நிற்கிறாள். நடுவர் விசிலை ஊதி, கையில் பட்டது என்று பெனால்டி கொடுத்துவிட்டார்.

மைதானம் அமைதியாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்காரர் மட்டும் சிரித்தார். முத்தம்மா அக்கா சீனிக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார். என்னை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது பக்கத்தில் டங்கென்று ஒரு சத்தம். மாஸ்டர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

மெச் நடக்கும்போது அந்தக் கெட்டில் தரையைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. திரும்பினேன். மாஸ்டரின் முகம் பெக்டரி அடுப்பாகச் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவருடைய வலது கால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். நோட்டுக்கொப்பி சேர் தலையை இந்தப் பக்கம் திருப்பினார்.

யோசிக்க நேரமில்லை. என் இடது கையில் இருந்தது சீனியா பாகா என்று சொல்ல முடியாது, தூறலிலும் வியர்வையிலும் கரைந்து அப்பிக்கிடந்தது. அந்தக் கையை அப்படியே மாஸ்டரின் வாயில் வைத்து அழுத்தினேன். கோப்பையோடு இருந்த மற்றக் கையால் இடுப்பை வளைத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்தேன். என் கோப்பையிலிருந்த தேத்தண்ணி அவருடைய இடுப்புச் சாரத்தில் கொட்டியது. அவர் திமிறினார். விறகு தூக்கிய உடம்பு, சாமானியமா? நான் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஷாலினி கோலுக்குள்ளிருந்து என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெனால்டி என்றால் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று நான் கத்துவது வழக்கம். அன்று அவள் கண்டது, அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு கோச்சைக் கட்டிப்பிடித்தபடி அவருக்குச் சீனி ஊட்டுகிற காட்சி. பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குனிந்து நின்றாள். சரியான பக்கம்தான் பாய்ந்தாள். பந்து விரலில் பட்டு உள்ளே போய்விட்டது.

கோல். எங்கள் பக்கம் யாரும் மூச்சு விடவில்லை. கண்ணீரோடு நின்ற முத்தம்மா அக்காவின் குரல் மட்டும் கிளம்பியது.

"நல்லா அடிச்ச நீலச் சட்ட! நல்லா இரு தாயி!"

இந்த முறை அது சாபம் மாதிரி இல்லை. பெனால்டி அடித்த பிள்ளை திரும்பி, யார் என்று தெரியாமலே எங்கள் பக்கம் கையை ஆட்டியது. கறுப்புக் கண்ணாடிக்காரரிடமிருந்து அதன்பிறகு சத்தம் இல்லை. அந்தப் பிள்ளையின் தகப்பனே அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

ஒன்றுக்குப் பூச்சியம், தோற்றோம். விசில் ஊதியதும் நோட்டுக்கொப்பி சேர் எங்களை நோக்கி நடந்து வந்தார். முதல் நாள் பரீட்சைக்குப் போன பிள்ளைகளாக நாங்கள் நின்றோம். அவர் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். மீசை முழுக்கச் சீனி. சாரம் முழுக்கத் தேத்தண்ணி.

"என்ன ஐசே கோலம் இது?"

மாஸ்டர் வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"கோட்டுக்குள்ளை ஒரு கால் வந்ததைக் கண்டனான்," என்றார் சேர். அவர் கோட்டைப் பார்த்தார், எங்கள் கோப்பைகளைப் பார்த்தார், எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ஏச்சு ஒண்டும் கேக்கேல்லை, ஒரு வாழ்த்துத்தான் கேட்டது. அந்தப் பக்கத்துக் கோச்சோடை எனக்கு ஒரு கதை கிடக்கு. உங்களுக்கு வாற ஞாயிறு எட்டு மணிக்கு மட்ச். பிந்தாமல் வாங்கோ." நோட்டுப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் எழுதாமல் போய்விட்டார். முத்தம்மா அக்கா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் நேராகப் பிள்ளைகளிடம் போனார். தோற்றதற்கு அழுதுகொண்டிருந்த பதினாலு பேருக்கும் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் கோட்டத் தாண்டிட்டேங்க. உங்க ஆட்டத்தையே கெடுக்கப் பாத்தேன். மன்னிச்சிருங்க." பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டால் என்ன செய்வதென்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு முழித்தார்கள். கடைசியில் ராணிதான், "சரிங்க மாஸ்டர், அடுத்த தடவ பாத்துக்குங்க," என்று மன்னிப்பு வழங்கினாள்.

திரும்பிவருகிற பஸ்ஸில் மாஸ்டர் எனக்கு முன்சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் எட்டிக் கேட்டேன்.

"மாஸ்டர், நடுவரை என்னதான் சொல்ல வந்தீங்க?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். எங்கள் தோட்டத்து வசவுகளின் வளத்தை அறிந்தவன் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"'போய்யா'ன்னு சொல்ல வந்தேங்க," என்றார். சொல்லிவிட்டு வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்சநேரத்தில் ஷாலினி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் இடது கையைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஐயே, பிசுபிசுன்னு இருக்கு." அப்படியும் கையை எடுக்கவில்லை. "வாற ஞாயிறும் வருவீங்கதானேப்பா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மாஸ்டரும் அப்போது தூங்கிப்போயிருந்தார். பசறை ரோட்டு வளைவு ஒவ்வொன்றிலும் அவருடைய தலை ஜன்னல் கம்பியில் போய் இடித்தது. இடித்தும் மனிதர் முழிக்கவில்லை. காலையிலிருந்து எங்கள் அத்தனை பேரின் கோபத்தையும் சுமந்த களைப்பு. நான் மகளை எழுப்பாமல் மெல்ல முன்னால் சாய்ந்து, கம்பிக்கும் அவர் தலைக்கும் நடுவில் என் வலது கையை வைத்தேன். வளைவுக்கு வளைவு புறங்கை கம்பியில் மோதியது. பசறை வந்து சேரும்வரை நான் கையை எடுக்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.